நகரங்களுக்கு வைத்தியம் பார்த்தவர்

சூழ்ச்சியும் துணிவும் ஒருங்கே வாய்ந்த ஒருவனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கம் எங்கள் முதியவர்களிடம் இருந்தது. முதலாம் உலகப் போரின்போது இந்து சமுத்திரத்தில் உலாவி, 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைத் தீக்கிரையாக்கிய ஜேர்மனியப் போர்க்கப்பலின் பெயர் அது. கப்பல் அழிந்தது, பெயர் மட்டும் தமிழில் நிலைத்துவிட்டது. அந்த எம்டன் அடுத்த மாதம் மூழ்கடித்த 'கிளான் கிராண்ட்' என்னும் சரக்குக் கப்பலைப் பற்றி அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. அக்கப்பலில் பீரங்கிகள் இருக்கவில்லை. பெட்டி பெட்டியாக நகரங்கள் இருந்தன. உலகின் பழைய நகரங்கள், புதிய நகரங்கள் பலவற்றின் வரைபடங்களும் ஓவியங்களும் நிழற்படங்களும், ஒரு மனிதர் பல்லாண்டு பாடுபட்டுத் தேடிய செல்வம் அனைத்தும், கடலடிக்குச் சென்றன.

அச்செல்வத்துக்கு உரியவர் அப்பொழுது அறுபது வயதை அடைந்திருந்த ஒரு ஸ்கொட்லாந்துப் பேராசிரியர். சென்னையில் அக்கண்காட்சியை நடத்துவதற்கென்றே மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று அவர் புறப்பட்டிருந்தார். வேறொருவராயின் விதியை நொந்து வீடு திரும்பியிருப்பார். அவரோ இங்கிலாந்திலிருந்த நண்பர்களுக்கு எழுதிப் புதிதாகப் படங்களைத் திரட்டச் செய்து, 1915ஆம் ஆண்டு சனவரியில், குறித்தபடியே சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனற் மண்டபத்தில் கண்காட்சியைத் திறந்துவிட்டார். அவர் பெயர் பட்ரிக் கெடிஸ்.

நகரமைப்பு என்னும் இக்காலக் கலையை உருவாக்கிய முன்னோர் சிலருள் கெடிஸ் ஒருவர். ஆயினும் அவர் பொறியியலாளர் அல்லர். கட்டடக் கலைஞரும் அல்லர். தாவரவியல் படித்தவர். செடி கொடிகளை ஆராய்ந்தவருக்கும் வீதிகளுக்கும் என்ன தொடர்பு என்று வியப்போர்க்கு அவருடைய வாழ்க்கையே விடை.

அவ்வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரின் பழைய குளமொன்றை அபிவிருத்தியின் பெயரால் தூர்த்தார்கள். அங்கே நுளம்பு பெருகுகிறது, நிலம் வீணே கிடக்கிறது என்றார்கள். படித்தவர்கள் பலர் அதை ஆமோதித்தோம். நானும் வாய் திறக்கவில்லை. அடுத்த மாரியில் குளத்துக்குப் போக வேண்டிய வெள்ளம் ஒழுங்கைகளில் புகுந்து வீட்டு வாசலில் நின்றது. அதன் பின்னரே, குளங்களைத் தூர்க்க வேண்டாமென்று யாராவது எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா என்று நூலகத்தில் தேடினேன். நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரர் இந்திய நகரசபைகளிடம் அதைச் சொல்லி வாதாடியிருந்தார் என்று கண்டபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சியன்று, வெட்கம்.

மலைச்சரிவில் ஒரு தோட்டம்

கெடிஸ் 1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் பலேற்றர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படையில் பணியாற்றியவர். குழந்தைக்கு மூன்று வயதளவில் குடும்பம் பேர்த் நகருக்கு அருகே ஒரு குன்றின் சரிவிலமைந்த சிறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அவ்வீட்டுத் தோட்டத்தில் தந்தையோடு கிழங்கு நட்டும் களை பிடுங்கியும் வளர்ந்தார் மகன். குன்றின் மேலேறி நின்றால் கீழே ஆறும், ஆற்றங்கரை நகரும், நகரைச் சூழ்ந்த வயல்களும் ஒரே காட்சியாகத் தெரியும். நகரம் தனித்து நிற்பதன்று. அது தன்னைச் சுற்றிய நிலத்தின் விளைவு என்னும் பாடத்தை அவர் முதன்முதலிற் கற்றது அக்குன்றின் மீதேதான்.

தந்தையின் விருப்பத்துக்கிணங்க ஒன்றரை ஆண்டு வங்கியொன்றில் வேலை பார்த்தார். பின்னர் தாவரவியல் கற்க எடின்பரோப் பல்கலைக்கழகம் சென்று, ஒரே வாரத்தில் வெளியேறினார். உலர்ந்த செடிகளின் பெயர்களை மனனஞ் செய்வது அவருக்கு ஒவ்வவில்லை. இலண்டனுக்குச் சென்று புகழ்பெற்ற உயிரியலாளர் ஹக்ஸ்லியிடம் மாணவரானார். ஒருநாள் ஆய்வுகூடத்தில் அவர் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருந்தபோது, முதியவரான சார்ள்ஸ் டார்வின் அங்கு வந்து, அந்த இளைஞரின் கருவியினூடே தாமும் பார்த்து மகிழ்ந்தார் என்பர். இத்தகைய ஆசிரியரிடத்தும் சூழலிலும் கற்ற கெடிஸ் எந்தப் பட்டமும் பெறவில்லை. பட்டங்களை வழங்கும் பரீட்சைகளில் அவருக்கு வாழ்நாள் முழுவதும் நம்பிக்கை இருந்ததில்லை.

1879இல் ஆய்வின் பொருட்டு மெக்சிக்கோ சென்றபோது அவர் பார்வை மங்கியது. பல வாரங்கள் இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்க நேர்ந்தது. நுணுக்குக்காட்டியே உலகமென வாழ்ந்த இருபத்தைந்து வயது இளைஞனுக்கு இதைவிடப் பெருந்துயர் வேறில்லை. ஆனால் அவ்விருளிலேதான் அவருக்கு ஒரு வழி புலப்பட்டது. யன்னற் கண்ணாடிச் சட்டங்களைக் கையால் தடவிக்கொண்டிருந்தவர், ஒவ்வொரு சதுரத்திலும் ஓர் எண்ணத்தை வைத்து, அவற்றின் உறவுகளை மனத்தால் ஆராயத் தொடங்கினார். தாளைச் சதுரங்களாக மடித்துச் சிந்திக்கும் வழக்கம் அன்று தொடங்கி இறுதிவரை அவரை விடவில்லை. பார்வை மீண்டது, நுணுக்குக்காட்டி வேலையை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அணுவினும் சிறிய உயிர்களிலிருந்து அவர் கண்கள் மனிதக் கூட்டத்தின் பக்கம் திரும்பின.

இடம், தொழில், மக்கள்

பாரிஸ் நகரில் அவர் அறிந்த லெ பிளே என்னும் பிரெஞ்சு அறிஞரின் கொள்கை அம்மாற்றத்துக்குத் துணைநின்றது. ஒரு சமுதாயத்தை அறிய வேண்டுமாயின் அதன் இடத்தையும் தொழிலையும் குடும்பத்தையும் ஒருங்கே அறிய வேண்டும் என்பது அக்கொள்கை. கெடிஸ் அதை இடம், தொழில், மக்கள் என்று விரித்து, மலையிலிருந்து கடல்வரை செல்லும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வெட்டுமுகப் படமாக வரைந்தார். உச்சியில் சுரங்கத் தொழிலாளி, அடுத்து மரம் வெட்டுவோன், வேடன், ஆயன், உழவன், தோட்டக்காரன், கடைசியில் மீனவன். இவர்களுடைய வாழ்வு முறைகள் கலந்து திரண்டதே நகரம் என்றார்.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இப்படத்தைக் கண்டவுடன் ஒருகணம் திகைப்பர். குறிஞ்சியிலிருந்து நெய்தல்வரை நிலத்தைப் பகுத்து, முதற்பொருளென்றும் கருப்பொருளென்றும் உரிப்பொருளென்றும் இடத்தையும் தொழிலையும் மனத்தையும் இணைத்துக் கண்ட தொல்காப்பிய மரபு நம் கைவசமிருக்கிறது. கெடிஸ் தமிழிலக்கணம் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விஞ்ஞான வழியால் அடைந்த இடமும், நம் முன்னோர் கவிதை வழியால் அடைந்த இடமும் அயலயலே கிடக்கின்றன. திணைப் பாகுபாட்டைப் பரீட்சைக்கு மட்டும் கற்பிக்கும் நாம், அது வாழும் ஊரைப் படிப்பதற்கும் ஒரு கருவியாகலாம் என்று எண்ணியதுண்டா?

சேரியிற் குடியேறிய தம்பதியர்

கொள்கை பேசுவோர் பலர். அதன்படி குடிபெயர்வோர் சிலர். 1886இல் கெடிஸ் ஆனா மோர்ட்டன் என்னும் பெண்மணியை மணந்தார். லிவர்ப்பூல் வணிகர் ஒருவரின் மகளாகிய அவர் வசதியான வீட்டில் வளர்ந்தவர், இசையில் வல்லவர். மணமான சிறிது காலத்திலேயே இருவரும் எடின்பரோவின் பழைய நகரப் பகுதியில், ஜேம்ஸ் கோர்ட் என்னும் சேரியிற் குடியேறினர். ஒருகாலத்தில் அறிஞரும் செல்வரும் வாழ்ந்த அம்மாடிக் கட்டடங்கள், புதிய நகரம் எழுந்து செல்வர் அங்கே சென்றபின், ஏழைகள் நெருங்கி வாழும் இருட்டுக் கூடுகளாகிவிட்டிருந்தன.

அங்கே அவர்கள் பிரசங்கஞ் செய்யவில்லை. சுண்ணாம்பு கரைத்துச் சுவருக்குப் பூசினர்; யன்னல்தோறும் பெட்டிகளிற் பூச்செடி நட்டனர்; குப்பை குவிந்த மூலைகளைத் துப்புரவாக்கினர். அயலவர் முதலில் வேடிக்கை பார்த்தனர். பின்னர் தாமும் கைகொடுத்தனர். காலப்போக்கில் பழைய வீடுகள் பல திருத்தப்பட்டன. இடிந்து பயனற்றவை மட்டும் அகற்றப்பட்டன. அகற்றிய இடங்கள் சிறு தோட்டங்களாயின. மாணவர் தாமே நிருவகிக்கும் விடுதிகள் எழுந்தன. கோட்டை வாசலுக்கருகே இன்றும் நிற்கும் ராம்சே கார்டன் என்னும் கட்டடத் தொகுதி அந்நாட்களில் உருவானதே. கடன் கழுத்தை நெரித்தபோது நண்பர்கள் 1896இல் ஒரு சங்கம் அமைத்து அப்பணிகளைப் பொறுப்பேற்றனர். வீட்டுக்கணக்கை ஒப்பேற்றும் பாரம் பெரும்பாலும் ஆனாவின் தலையிலேயே விழுந்தது. பெரியோர் சரிதங்களில் வழக்கமாக மறைந்துபோகும் அப்பகுதியை நாம் மறத்தலாகாது.

1888இல் டண்டீ நகரக் கல்லூரியில் அவருக்குத் தாவரவியற் பேராசிரியர் பதவி கிடைத்தது. கோடைப் பருவத்தில் மட்டும் கற்பித்தாற் போதும் என்ற ஏற்பாட்டுடன், 31 ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். எஞ்சிய காலமெல்லாம் நகரங்களுக்கே உரியதாயிற்று. 1892இல் எடின்பரோக் கோட்டைக்கருகே ஒரு பழைய கோபுரத்தைப் பெற்று அதை ஊரறியும் பள்ளியாக்கினார். கோபுரத்தின் உச்சியிலிருந்த இருட்டறையில், ஆடியும் வில்லையும் வெளியே நடமாடும் நகரை ஒரு வெள்ளை மேசைமீது உயிருள்ள சித்திரமாக விழச்செய்யும். அதைக் கண்டபின் படியிறங்கினால் ஒரு தளத்தில் எடின்பரோ, அடுத்ததில் ஸ்கொட்லாந்து, அப்பால் ஐரோப்பா, அடித்தளத்தில் உலகம். தன் ஊரிலிருந்து தொடங்கி உலகத்துக்கு இறங்குவதே கல்வி என்பது அதன் பொருள். உச்சியில் இன்னொரு சிற்றறையும் இருந்தது. அதனுள் யாதுமில்லை, கண்டவற்றையெல்லாம் கண்மூடி எண்ணிப்பார்ப்பதற்கான வெற்றறை அது.

இரு வழிகள்

அக்காலத்தில் நகரைத் திருத்துவதென்றால் இடித்தல் என்றே பொருள். 1853 முதல் பாரிஸ் நகரில் ஹொஸ்மன் என்னும் நிருவாகி பழைய குடியிருப்புகளைப் பிளந்து நேரான பெருவீதிகளை அமைத்தது எல்லா நாட்டு அதிகாரிகளுக்கும் முன்மாதிரியாயிற்று. மறுபுறம், எபனேசர் ஹவார்ட் என்பவர் 1898இல் பூங்கா நகரம் என்னும் புதுக் கருத்தை வெளியிட்டார். நெரிசலான ஊரை விட்டகன்று புதுநிலத்தில் சோலை சூழ்ந்த ஊரொன்றை அமைப்பது அது. ஒன்று பழையதை இடிப்பது. மற்றது பழையதை விட்டு நீங்குவது. கெடிஸ் மூன்றாவது வழியைக் காட்டினார். பழைய ஊர் நோயுற்றிருக்கலாம், ஆனால் அதற்கு உயிருண்டு. ஆதலின் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார்.

நோயின் முதலை நாடாமல் மருந்து கொடுக்கலாகாது என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு விதித்த நெறி. நகரமைப்போனுக்குக் கெடிஸ் விதித்ததும் அதுவே. திட்டத்துக்கு முன் ஆய்வு. ஆய்வுக்கு முன் காலால் நடத்தல். ஊரின் வரலாறு, நீரோட்டம், தொழில், வழிபாடு, மக்களின் நினைவு யாவற்றையும் அறிந்த பின்னரே கத்தியை எடுக்கலாம். எடுத்தாலும் இயன்றவரை உறுப்பைக் காத்து, அழுகிய சிறு பகுதியை மட்டும் நீக்க வேண்டும். இதைக் காக்கும் சத்திரசிகிச்சை எனலாம். 1904இல் டன்பேர்ம்லின் நகருக்கு அவர் வகுத்த திட்டம் ஏற்கப்படவில்லை. நூலாக மட்டும் நின்றது. 1913இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் அவர் கண்காட்சி முதற்பரிசு பெற்றது. 1915இல் வெளியான 'நகரங்களின் படிமலர்ச்சி' என்னும் பொருள்படும் நூலில், ஒன்றோடொன்று ஒட்டி ஓருடலாகப் பரவும் நகரத் திரள்களுக்கு அவர் சூட்டிய ஆங்கிலப் பெயரை இன்று புவியியல் மாணவர் யாவரும் கற்கின்றனர்.

தேர் ஓடும் வீதிகள்

சென்னைக் கண்காட்சி முடிந்ததும் கெடிஸ் மாகாணத்து ஊர்களைக் காணப் புறப்பட்டார். விடியலில் எழுந்து, கையில் வரைபடத்துடன் சந்துபொந்தெல்லாம் நடப்பார். ஒரு வேப்பமரமோ திண்ணையோ கிணற்றடியோ அவருடைய படத்தில் இடம்பெறாமற் போகாது. தஞ்சைக் கோட்டைப் பகுதியில், நெருங்கிய வீடுகளினூடே நேர்வீதிகளைக் கீறும் திட்டமொன்று இருந்தது. கெடிஸ் வீடு வீடாகப் பார்த்தார். பாழடைந்த சில வீடுகளை நீக்கி, வெற்றிடங்களைத் திறந்து, இருக்கும் சந்துகளைச் சற்றே அகட்டி, மரம் வைத்தாற் காற்றும் வெளிச்சமும் தாமே வரும். அதற்கு அத்திட்டத்தின் செலவில் ஆறில் ஒரு பங்கே போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார். செலவு மட்டுமன்று அவர் கண்ட மிச்சம். வீதியை அகட்டுவோர் வீடிழந்தவரின் தொகையைத் திட்டத்தில் எழுதுவதில்லை. இடித்த வீட்டார் காற்றில் மறைவதில்லை. அடுத்த சேரியிற் சென்று நெருங்குவர், அங்கே நோய் பெருகும். ஆகவே இடித்தல் நோயைத் தீர்ப்பதன்று, இடம் மாற்றுவதே என்பது அவர் முடிபு.

குளங்களைப் பற்றியும் அவ்வாறே. மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களையும் கிணறுகளையும் தூர்க்கச் சுகாதார அதிகாரிகள் விரைந்த காலம் அது. குளம் ஊரைக் குளிர்விக்கிறது, பெருமழையை வாங்கிக்கொள்கிறது, அதைத் துப்புரவாக்கி மீன் விட்டால் நுளம்பின் குடம்பிகளை மீனே தின்றுவிடும் என்று அவர் வாதாடினார். உயிர் நூல் கற்றவருக்கு இது தெரிந்திருந்தது. பொறியியல் மட்டும் கற்றவருக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்க் குளத்துக்காக நான் சொல்லத் தவறிய வாதம் முழுவதும் அவ்வறிக்கைகளில் எனக்காகக் காத்திருந்தது.

மதுரை போன்ற கோயில் நகரங்கள் அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டன. நடுவே கோயில், அதைச் சூழ்ந்து ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுர வீதிகள், ஆடி, சித்திரை, மாசி என மாதங்களின் பெயர் தாங்கிய அவ்வீதிகளில் உலா வரும் தெய்வங்கள். தேர் திரும்ப வேண்டுமென்பதால் வீதி அகலமாயிற்று. திருவிழா வருமென்பதால் வீதி துப்புரவாயிற்று. ஆண்டுதோறும் ஊரை முழுவதும் ஒருமுறை சுற்றிவரச் செய்யும் திருவிழா, தானே ஒரு நகர பரிபாலனம் என்பதை அவர் கண்டுகொண்டார். அளவுகோலும் கவராயமும் மேற்கிலிருந்து வருமுன்னரே இங்கே நகரமைப்பு இருந்தது. அதன் வேர் அலுவலகத்தில் அன்று, பண்பாட்டில் இருந்தது.

ஆயினும் இவ்விடத்தில் என் மனம் முழு நிறைவு கொள்ளவில்லை. அத்தேர் வீதிகளின் நடுவிலுள்ள மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்ட மக்கள் முதன்முதலாக நுழைந்தது 1939ஆம் ஆண்டு சூலையில். கெடிஸ் மறைந்து ஏழு ஆண்டுகளின் பின். ஓர் ஊரின் வடிவை மெச்சும்போது அவ்வடிவுக்குள் யார் விடப்பட்டார், யார் விலக்கப்பட்டார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பழையதைக் காக்க வேண்டுமென்ற கொள்கை, பழைய கொடுமையைக் காப்பதாக முடிந்துவிடக் கூடாதல்லவா?

இந்தூரின் தீபாவளி

1917ஆம் ஆண்டு கெடிஸின் வாழ்வில் கரிய ஆண்டு. மூத்த மகன் அலஸ்டெயர் தந்தையின் வலக்கையாய் விளங்கியவர். சென்னைக்கும் உடன் வந்தவர். போர்ப்பணிக்குத் திரும்பிய அவர் ஏப்பிரலில் பிரான்சின் போர்க்களத்தில் எறிகணை பட்டு மாண்டார். செய்தி வந்தபொழுது ஆனா இந்தியாவில் நெருப்புக்காய்ச்சலாற் படுத்த படுக்கையாயிருந்தார். மகனின் மரணத்தை மனைவியிடம் கெடிஸ் சொல்லவில்லை. மகன் முன்பு எழுதிய கடிதங்களை எடுத்துவைத்து, அன்றுதான் வந்தவைபோல அவருக்குப் படித்துக் காட்டிவந்தார். உண்மை அறியாமலே யூன் மாதத்தில் ஆனா கண்மூடினார். மகனுக்காக அழுவதற்குக்கூட அந்தத் தந்தைக்கு இரண்டு மாதம் வாய்க்கவில்லை என்பதை எண்ணும்போது நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன்.

அத்துயரின் பின்னர் அவர் ஆற்றிய பணியே இந்தூர்ப் பணி. பிளேக் நோய் அவ்வூரை ஆட்டிப்படைத்தது. கையில் படத்துடன் தெருக்களில் திரிந்த தாடிக்கார வெள்ளையரை மக்கள் முதலில் அஞ்சினர். வீட்டை இடிக்க வந்தவரென்றும் நோயைக் கொணர்ந்தவரென்றும் நினைத்தனர். கெடிஸ் மன்னரிடம் சென்று ஒருநாள் மட்டும் ஊரின் ஆட்சியைத் தமக்குத் தருமாறு கேட்டுப் பெற்றார். அந்நாள் தீபாவளி. ஊர்வலம் வழக்கமான வழியிற் செல்லாது. எந்தத் தெருவார் தம் தெருவை நன்றாகத் துப்புரவாக்கிச் செப்பனிடுகிறார்களோ அந்தத் தெரு வழியாகவே செல்லும் என்று அறிவித்தார். ஊர் முழுவதும் போட்டி மூண்டது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறிற்று. சுவர்கள் வெள்ளை பூண்டன. எலி வளைகள் அடைக்கப்பட்டன.

அன்றைய ஊர்வலத்தில் அழுக்கென்னும் அரக்கனும் பிளேக்கின் பேரெலியும் உருவங்களாக வந்தன. திருமகளும் வந்தாள், இந்தூர் நகரமே ஒரு புதிய தேவியாகவும் வந்தாள். எல்லாரும் வியக்க, நகரின் துப்புரவுத் தொழிலாளர் தூய வெள்ளாடை உடுத்து, மலர்மாலை சூடி, புதுவண்ணம் பூசிய தம் வண்டிகளோடு நடுநாயகமாக வந்தனர். தீண்டலாகாதார் என்று ஒதுக்கப்பட்டவர்க்கு ஊரறிய மாலையிட்ட அச்செயலை, மேலே நான் எழுப்பிய கேள்விக்குக் கெடிஸ் அளித்த ஒருநாள் விடையாகக் கொள்ளலாம். வீட்டுக்கு வீடு துளசிக் கன்று வழங்கினர். இறுதியில் அரக்கனும் எலியும் எரியூட்டப்பெற்றன. அதன்பின் தெருவில் அவரைக் கண்டவர்கள் அஞ்சவில்லை. தம் தெருவுக்கு எப்போது வருவாரென்று கேட்டனர். அவ்வூருக்கு அவர் வகுத்த திட்டம் 1918இல் இரு தொகுதிகளாக வெளியாயிற்று.

கொழும்பும் கடைசி நாட்களும்

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலுக்கும் குடிமையியலுக்கும் முதற் பேராசிரியரானார். அவர் தேர்ந்து இலண்டனுக்கு அனுப்பிய குர்யே, பின்னர் அவருக்கடுத்து அப்பதவியேற்று இந்தியச் சமூகவியலை வளர்த்தார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போசின் வாழ்க்கையைக் கெடிஸ் 1920இல் நூலாக எழுதினார். தாகூரோடும் நட்புப் பூண்டார். இளைய மகன் ஆதர், தாகூரின் கிராம மறுமலர்ச்சிப் பணியிற் சிலகாலம் பங்குகொண்டார்.

1921இல் அவர் பார்வை எங்கள் தலைநகர்மீது விழுந்தது. கொழும்பைப் பற்றி அவர் அளித்த முதல்நிலை அறிக்கையே அந்நகருக்கு எழுந்த முதல் நவீன நகரமைப்புத் திட்டம். மரநிழல் வீதிகளும் பூங்காக்களும் வாவியும் உடைய கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகராக்கலாம் என்ற கனவு அதிலிருந்தது. பின்னர் 1940களில் ஹொலிடேயும் 1948இல் அபர்குரொம்பியும் வகுத்த திட்டங்கள் அதைத் தொடர்ந்தன. கறுவாத் தோட்டத்து நிழல் வீதிகளில் நடக்கும்போது அக்கனவின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரிகிறது. கால்வாய்க் கரைகளின் நெருங்கிய குடில்களைக் காணும்போது அது யார்யாருக்கு எட்டவில்லை என்பதும் தெரிகிறது.

எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு 1919இல் ஒரு திட்டம் வரைந்தார். 1925இல் டெல் அவீவ் நகருக்கு மற்றொன்று. இரண்டாவது திட்டத்தின் வீதிகள் மீதே, 1930களில் ஜேர்மனியின் பௌஹௌஸ் பள்ளி முதலியவற்றிற் பயின்ற கட்டடக் கலைஞர் தம் வெண்ணிறக் கட்டடங்களை எழுப்பினர். அவ்வெண்ணகரை யுனெஸ்கோ 2003இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. அந்நிலத்தின் அரசியல் வேறொரு நீண்ட துயரக் கதை. கட்டடக்கலை வரலாற்றைப் பொறுத்தவரை ஒன்று சொல்லலாம்: இருபதாம் நூற்றாண்டின் புதுக்கட்டடக்கலை நின்ற நிலங்களுள் ஒன்றை ஒரு தாவரவியலாளர் பாத்தி கட்டிக் கொடுத்தார்.

1923இல் நியூயோர்க் நகரில் லூயிஸ் மம்ஃபர்ட் என்னும் இளம் எழுத்தாளரைக் கெடிஸ் கண்டார். அவ்விளைஞரிடம் தம் இறந்த மகனின் சாயலைக் கண்டு கண்ணீர் விட்டாராம். தமக்கு உதவியாளராக வருமாறு வற்புறுத்தினார். மம்ஃபர்ட் இணங்கவில்லை, பிறருடைய மகனின் இடத்தை நிரப்ப யாரால் முடியும்? ஆனால் குருவின் கருத்துகளைத் தம் வழியில் வளர்த்து, நகரப் பண்பாட்டின் பெரும் வரலாற்றாசிரியராய் விளங்கினார். பிறந்த மகனுக்குக் கெடிஸ் என்றே பெயரிட்டார்.

1924இல் தென்பிரான்சின் மொண்ட்பெலியே நகரில் குடியேறிய கெடிஸ், வறண்ட நிலத்தைத் தோட்டமாக்கி அங்கே ஒரு கல்லூரியைக் கட்டத் தொடங்கினார். 1932இல் அரசாங்கம் அவருக்குச் சேர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு ஏப்பிரல் 17ஆம் திகதி அங்கேயே காலமானார்.

அவர் விட்டுச்சென்றது

குறைகளற்றவர் என்று நான் அவரைப் போற்ற முன்வரவில்லை. நூறு காரியங்களைத் தொடங்கிச் சிலவற்றையே முடித்தார். மேடையில் தாடிக்குள் முணுமுணுத்துப் பேசுவார். பின்வரிசையிலிருந்தோர்க்கு ஒன்றும் கேளாது. ஆணும் பெண்ணும் இயல்பாலேயே வேறுபட்ட பணிகட்குரியர் என்று இளமையில் அவர் எழுதியவற்றை இன்று யாரும் ஏற்கமாட்டார். மக்களுக்காகப் பேசினார், ஆனால் மக்கள் தெரிந்தெடுத்த சபைகளால் அன்றி ஆளுநராலும் மன்னராலும் அழைக்கப்பட்டே பேசினார். அவருடைய அறிக்கைகளிற் பல அலுமாரிகளில் உறங்கின.

எனினும் வித்து உறங்குவது சாவதற்கன்று. ஜக்குலின் டிரிவிட் என்னும் அம்மையார் 1947இல் அவருடைய இந்திய அறிக்கைகளிலிருந்து தொகுத்து வெளியிட்ட நூல், போரால் இடிந்த நகரங்களை மீளக் கட்ட முனைந்த தலைமுறையின் கைக்குச் சென்றது. நகரை இயந்திரமெனக் கொண்டு பழைய பாரிஸின் நடுவையே அகற்றி வானளாவும் கோபுரங்களை வைக்கலாமென 1925இல் லெ கோபூசியே வரைந்த வழி ஒருபுறம். நகரை உயிரெனக் கொண்ட கெடிஸின் வழி மறுபுறம். நூற்றாண்டு முழுவதும் இவ்விரு வழிகளுக்குமிடையே வழக்கு நடந்தது. இன்று குளம் காக்கவும் மரம் காக்கவும் குடியிருப்போரைக் கலந்து பேசவும் எழும் குரல்கள் எல்லாம், தாம் அறிந்தோ அறியாமலோ, இரண்டாவது வழியில் நிற்பவை.

அண்மையில் என் வகுப்பு மாணவரை அழைத்துக்கொண்டு எங்கள் ஊரை நடந்து பார்த்தேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். எந்த ஒழுங்கை எங்கே திரும்புகிறது, மழைநீர் எவ்வழி போகிறது, எந்த வளவில் எந்த மரம், எந்தக் கிணற்றில் இன்னும் நன்னீர் என்று குறித்தார்கள். தூர்த்த குளத்தின் இடத்துக்கு வந்தபோது ஒரு சிறுமி, இங்கே என்ன வரைவது என்று கேட்டாள். முன்பு குளம் இருந்த எல்லையைப் புள்ளிக் கோட்டால் வரையச் சொன்னேன். அது நான் செய்த தவறின் எல்லைக்கோடு. அத்தாளை வைத்துக்கொண்டுதான், எஞ்சியிருக்கும் மற்றைக் குளத்துக்காக அடுத்த முறை நான் வாய் திறக்க இருக்கிறேன்.